பிடிகொடுக்காமல் பேசும் பாறையேற்ற வல்லவர்களுக்கு

மதிப்பிற்குரிய பாறையேற்ற வல்லவர்களே,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவர் பேசிய கூட்டத்தில், கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேள்வி கேட்டவன் நான்தான். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. உங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே பதில்தான் வந்திருக்கும்.

நான் கேட்டது இவ்வளவுதான்: "ஏழாவது போல்ட்டுக்கு மேலே இடது கையை விட்டீர்களே, அப்போது உடம்பு வெளியே சாயாமல் எது பிடித்து வைத்தது? இடது கால் எங்கே இருந்தது?" (போல்ட் என்றால் கயிற்றை மாட்டப் பாறையில் பதித்திருக்கும் உலோக ஆணி.) திரையில் ஓடிய படத்தில் சரியாக அந்த இடத்தில் கேமரா அவர் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் கேட்க வேண்டியதாயிற்று. அவர் சிரித்தார். மைக்கைக் கை மாற்றினார். "அந்தக் கணத்துல முழுசா இருந்தேன். பாறைதான் என்னை ஏத்திவிட்டுச்சு" என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

பிடிகொடுக்காமல் பேசுவது என்று சொல்வோம் இல்லையா? நகக்கண் அகலமுள்ள விளிம்பில் முழு உடம்பையும் தொங்கவிடுகிறவர்கள் நீங்கள். உங்கள் பேச்சில் எங்களுக்குத்தான் தொங்குவதற்கு ஒரு விளிம்பும் அகப்படுவதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் 'பயணம்' என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். 'கால்விரல்' ஒரு முறைகூட வரவில்லை.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை மேடை ஏறும்போது ஒரே ஒரு பிடியைப் பற்றிப் பேசுங்கள். எந்த விரல் முதலில் போய் உட்கார்ந்தது, கட்டைவிரல் என்ன செய்தது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, மூச்சை எப்போது விட்டீர்கள். அவ்வளவு போதும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை வெறி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே பாதையில், ஒரே நகர்வில் பதினான்கு மாதமாக மாட்டிக்கொண்டிருந்தேன். கடினமான பாதை என்று நீங்கள் கணக்கிலேயே சேர்க்காத பாதை அது. உடம்பைச் சூடேற்ற ஏறிவிட்டுப் போவீர்கள். வலது கைக்கு, அரை விரல்நுனி மட்டும் தொற்றும் மெல்லிய விளிம்பு, கிரிம்ப் என்போம். இடது காலை முழங்கால் உயரத்துக்கு மேலே, பாறையில் துருத்தி நிற்கும் ஒரு சின்னப் பருக்கையில் வைக்க வேண்டும். பிறகு இடது கையை விட்டு, வழவழவென்று உருண்டிருக்கும் ஸ்லோப்பர் என்ற பிடியில் உள்ளங்கையைப் பரப்ப வேண்டும். கையை விட்டதும் உடம்பு கீலில் திறக்கும் கதவு மாதிரி சுவரைவிட்டு விலகித் திறந்துகொள்ளும். விழுவேன். ஐந்தாவது மாதம் மோதிரவிரலில் 'டப்' என்று ஒரு சத்தம். எலும்போடு தசைநாரைச் சேர்த்துப் பிடித்திருக்கும் வளையம் கிழிந்திருந்தது. உங்களில் பாதிப் பேருக்காவது தெரிந்த சத்தம்தான் அது. நான்கு மாதம் பாறையைத் தொடவில்லை. அந்த நான்கு மாதமும் உங்கள் பேட்டிகளைத்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று விடாமல். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, எந்த நிறுவனத்தின் காலணிக்கு யார் நன்றி சொல்கிறார்கள் என்பது.

விரல் ஆறித் திரும்பி வந்த பிறகு, எனக்கு பெலே கொடுக்கும் (கீழே நின்று என் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும்) ஓர் அம்மா ஒரு நாள் கயிற்றை இறக்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, கால் போய் உட்கார்றதுக்குள்ள நீங்க கண்ணை எடுத்துடுறீங்க." அவருக்கு அறுபது வயது நெருங்குகிறது. நான் ஏறுவதைவிட இரண்டு கிரேடு (பாதையின் கடினத்துக்குத் தரும் அளவு) குறைவாகத்தான் ஏறுவார். அவர் சொன்னதுபோல, கால் பருக்கையில் அழுந்தும்வரை கண்ணை அங்கேயே வைத்துப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. கால் அரை விரல் தள்ளி உட்கார்ந்ததால்தான் இத்தனை நாளும் இடுப்பு வெளியே போயிருக்கிறது. (இப்போது அடுத்த நகர்வில் விழுகிறேன். அது வேறு கதை.) பதினான்கு மாதத்தில் என் காதில் விழுந்த ஒரே உருப்படியான வாக்கியம் அந்த அம்மாவுடையது. அவருக்கு ஸ்பான்சர் யாரும் இல்லை.

உங்கள் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். கண்டவர் விண்டிலர் என்பார்கள். உடம்புக்குத் தெரிந்தது வாய்க்கு வராது, நன்றாக ஏறும் கணத்தில் மனம் வெறுமையாகிவிடும் என்பீர்கள். இதற்கு ஆய்வும் இருக்கிறது. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோல்ஃப் வல்லவர்களையும் புதியவர்களையும் பந்தைக் குழிக்குள் தட்டச் சொல்லி, அப்புறம் அதை விவரிக்கச் சொன்னார்கள். பொதுவாக எப்படித் தட்டுவது என்று கேட்டால் வல்லவர்கள் விரிவாகச் சொன்னார்கள். இப்போது தட்டினீர்களே, அது எப்படி என்று கேட்டால் புதியவர்களைவிடக் குறைவாகத்தான் அவர்களுக்கு நினைவிருந்தது. கை தானாகச் செய்துவிடுவதை மனம் பதிவு செய்வதில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஆய்வு அதோடு முடியவில்லை. வல்லவர்கள் கையிலேயே கோணல்மாணலான ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். பழகிய கை தடுமாறியது, கவனம் திரும்பி வந்தது, தட்டியது நன்றாக நினைவில் நின்றது. உங்கள் எல்லையில் இருக்கும் பாதை அந்தக் கோணல் மட்டைதானே? இரண்டு வருடம் விழுந்து விழுந்து எழுந்த ஒரு நகர்வு தானாக நடந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் சொன்னால் எப்படி நம்புவது? சூடேற்ற ஏறும் பாதையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கலாம். உங்களை அழவைத்த பாதையைப் பற்றி நிச்சயம் இருக்கும்.

இருக்கிறது என்பதற்கு உங்கள் கூட்டத்திலேயே சாட்சிகள் உண்டு. ஆடம் ஓந்த்ரா 2017 செப்டம்பரில் நார்வேயின் ஃபிளாட்டாங்கர் குகையில் 'சைலன்ஸ்' பாதையை ஏறி முடித்தார். 9சி என்ற கிரேடு அதற்கு முன் உலகில் இல்லை. முழங்காலைப் பாறையில் முட்டுக்கொடுத்துத் தலைகீழாக ஓய்வெடுக்கும் இடங்களுக்காகக் கெண்டைக்கால் தசையைத் தனியாக வலுப்படுத்தினார். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, கையையும் காலையும் காற்றில் அசைத்து ஒவ்வொரு நகர்வையும் ஒத்திகை பார்த்தார். அவர் அதை விளக்கியதைக் கேட்ட பிறகு என் கெண்டைக்காலை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். லின் ஹில் 1993இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் இருக்கும் எல் கேப்பிட்டன் என்ற பெரும்பாறையின் 'நோஸ்' பாதையைக் கயிற்றை விழும்போது தாங்க மட்டும் வைத்துக்கொண்டு, கையாலும் காலாலும் முதன்முதலில் ஏறியவர். பிடி என்று சொல்ல எதுவுமே இல்லாத ஒரு மூலையில், உள்ளங்கை, முழங்கை, பாதம், இடுப்பு என்று எல்லாவற்றையும் எதிரெதிராக அழுத்தி உடம்பையே சுழற்றித் திருப்பியதை அவர் விவரித்திருக்கிறார். அதைப் படிக்கும்போது நாற்காலியில் இருந்தபடியே என் முதுகு திரும்பியது. அதற்கெல்லாம் முன்பே, 1950களில், ஜிம்னாஸ்டிக்ஸில் இருந்து கை வழுக்காமலிருக்கப் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பொடியைப் பாறைக்குக் கொண்டுவந்த ஜான் கில் ஒரு கணிதப் பேராசிரியர். பாறையில் உடம்பு எப்படி ஊசலாடுகிறது என்று யோசித்து, யோசித்ததை எழுதியும் வைத்தார்.

டாமி கால்ட்வெல் 2001இல் மர அறுப்பு எந்திரத்தில் இடது ஆள்காட்டி விரலின் பெரும்பகுதியை இழந்தவர். 2015 ஜனவரியில் கெவின் ஜார்ஜசனோடு அதே எல் கேப்பிட்டனின் 'டான் வால்' பாதையை ஏறி முடித்தபோது பத்தொன்பது நாட்கள் பாறையிலேயே இருந்தார்கள். குளிரில்தான் காலணி ரப்பரும் விரல் தோலும் நன்றாகப் பிடிக்கும் என்பதால் இருட்டிய பிறகு தலைவிளக்கோடு ஏறினார்கள். விரல்நுனித் தோல் ஆறுவதற்காக நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து களிம்பு தடவிக்கொண்டார் கால்ட்வெல். இந்த ஒரு தகவலில் எனக்குக் கிடைத்தது, 'கனவை விடாதே' என்று எழுதிய நூறு சுவரொட்டிகளில் கிடைக்காது. தோலும் ஒரு கருவி, அதற்கும் ஓய்வுக் கணக்கு உண்டு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆக, பேச விஷயம் இருக்கிறது. பின் ஏன் பேசுவதில்லை? கேட்பவர்கள் மேலும் பழி உண்டு. அலெக்ஸ் ஹானல்ட் 2017 ஜூனில் எல் கேப்பிட்டனைக் கயிறே இல்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ஏறத் தொடங்கிவிட்டு, சரிப்படவில்லை என்று பாதியில் திரும்பியவர் அவர். ஒரு மனிதன் எந்த அடியில் 'இன்றைக்கு வேண்டாம்' என்று முடிவு செய்கிறான், கால் என்ன சொன்னது என்று கேட்டால் ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாமே! ஆனால் அவரிடம் போகிறவரெல்லாம் சாவுக்குப் பயமில்லையா என்றுதான் கேட்கிறார்கள். போட்டி வர்ணனையாளர்களும் அப்படித்தான். வீராங்கனை குதிகாலைக் கொக்கி போல மாட்டி உடம்பை இழுக்கும்போது "என்ன ஒரு மன உறுதி!" என்பார்கள். மன உறுதி அங்கே இருக்கட்டும் ஐயா, குதிகால் எங்கே மாட்டியது? அப்புறம் அந்தப் படங்கள். டிரோன், மேகம், பியானோ, மெதுவாகப் பறக்கும் வெள்ளைப் பொடி. பாறையே பின்னணித் துணியாகிவிட்டது. கிரேடு எண்ணைச் சொன்னதும் கைதட்டி எழுந்து போய்விடுகிற நாங்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை.

உங்களில் ஒருவர் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜான்யா கார்ன்பிரெட்டைப் பாருங்கள். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், எடையைக் குறைப்பதற்காக வீரர்கள் பட்டினி கிடக்கும் பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். எல்லோருக்கும் தெரிந்தும் பலர் சொல்லத் தயங்கிய விஷயம். 'பாறை என்னை ஏற்றிவிட்டது' என்று அவரும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

மன்னிக்கவும். கோபமாக எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், எங்கேயோ போய்விட்டேன். உங்கள் மேல் எனக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. இருப்பதால்தான் கடைசி வரிசையில் இடம் கிடைத்தாலும் வருகிறேன். நீங்கள் தத்துவம் பேசக் கூடாது என்றும் சொல்லவில்லை. பேசுங்கள், கடைசிப் பத்து நிமிடம். அதற்கு முன் ஒரு பிடி. ஒரே ஒரு பிடி. நீங்கள் அதிகம் விழுந்த பிடியாக இருந்தால் இன்னும் நல்லது. சொல் வரவில்லையென்றால் எழுந்து நின்று காற்றில் செய்து காட்டுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்தில் ஒரு பெலே கொடுப்பவரை உட்கார வைத்தாலும் சரி. நீங்கள் மறந்ததை அவர் சொல்லிவிடுவார்.

போன வாரம் பேசியவர் இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு வரியில் பதில் போடுங்கள். ஏழாவது போல்ட்டுக்கு மேலே, கேமரா உங்கள் முகத்தில் இருந்த அந்த மூன்று நொடியில், இடது கால் எங்கே இருந்தது?

இப்படிக்கு,
கடைசி வரிசையில் இருந்தவன்