அழுததற்கு ஒரு மெமோ

மதிப்பிற்குரிய மருத்துவமனை முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். தீக்காய வார்டில் பணியாற்றும் செவிலியர் எழுதுகிறேன். போன வாரம் எங்களில் ஒருவருக்கு மெமோ வந்தது. பணி நேரத்தில், நோயாளியின் உறவினர் முன்னிலையில் அழுதாராம். அன்றைய அறிக்கை தங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

எண்பது சதவீதம் வெந்து வருபவர்களில் பலர் முதல் நாள் தெளிவாகப் பேசுவார்கள். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் கருகிவிடுவதால் அங்கே வலி தெரியாது. “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்விடலாமா சிஸ்டர்?” என்று கேட்டாள் அப்படி வந்த ஒரு பெண். மரண வாக்குமூலம் வாங்க நீதித்துறை நடுவர் வெளியே காத்திருந்தார். நான்கு நாளும் டிரெஸ்ஸிங் மாற்றியவர் மெமோ வாங்கிய சிஸ்டர்தான். ஐந்தாம் நாள் விடிகாலையில், வெட்டி எடுத்து வைத்திருந்த மெட்டியைக் காகிதத்தில் மடித்துத் தாயிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவரும் அவரே. தாய் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, “இன்னொன்று எங்கேம்மா?” என்றார். சிஸ்டர் போய் அடுத்த கட்டிலுக்கு ஆறு மணி ஊசியைப் போட்டுவிட்டு வந்தார். தாய் அதையே கேட்டுக்கொண்டு நின்றார். அப்போதுதான் சிஸ்டர் அழுதார்.

மூன்றரை ஆண்டாக அவர் அந்த வார்டிலேயே இருக்கிறார். மாற்றம் கேட்டால் “பழகிய கை” என்கிறார்கள். பழகியது கை மட்டும்தான் ஐயா. ஆறு மாதத்துக்கு மேல் யாரையும் தொடர்ந்து அங்கே போடாதீர்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

தூக்கம் போய்விட்டது, சோற்றில் கை வைத்தால் வார்டு வாடை அடிக்கிறது. இதுவே ஒரு நோயாளி சொன்னால் மனச்சோர்வா என்று பார்க்க மனநலப் பிரிவுக்கு அனுப்புவோம். நாங்கள் சொன்னால் ‘ஒத்துழையாமை’. செவிலியர் தினமான மே 12 அன்று ரோஜாப்பூ தருகிறீர்கள், நன்றி. ஊழியர் அறையில் அரசின் மனநல தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416 ஒட்டியிருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். டூட்டியில் செல்பேசி தொடக்கூடாது என்ற சுற்றறிக்கையும் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. எட்டுக் கட்டிலுக்கு ஒருவர் என்று நிற்கும் இரவில் யாரை அழைத்துப் பேசுவது? தீவிர சிகிச்சைக்கு ஒருவருக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் மன்றம் சொல்லியிருப்பதெல்லாம் பரீட்சையில் எழுதியதோடு சரி.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெமோவைத் திரும்பப் பெற்று, அடுத்த மாத டூட்டிப் பட்டியலிலிருந்தே ஆறு மாதச் சுழற்சியைத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மெமோவுக்கு அவர் இன்னும் விளக்கம் எழுதவில்லை. இந்த வாரம் முழுவதும் அவருக்கு நைட் டூட்டி, அதே வார்டில்.

இப்படிக்கு,
தீக்காய வார்டு செவிலியர் ஒருவர்