நேபோ, மாதபா, யோர்தான் கரை: ஒரு முழு நாள் கொடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து புனித நிலப் பயணக் குழுக்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கும், அந்தக் குழுக்களோடு புறப்படும் பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் பயண அறிவிப்புகளில் ஜோர்டான் பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. காலையில் பழங்கால மொசைக் தரைகளின் ஊரான மாதபா, மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ட நேபோ மலை, யோர்தான் ஆற்றங்கரையில் இயேசு திருமுழுக்குப் பெற்ற இடம். மதியத்துக்கு மேல் பாலம் கடந்து எருசலேம். அந்த ஒற்றை வரியை ஒரு முழு நாளாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வரைபடத்தில் பார்த்தால் இது அரைநாள் வேலையாகத்தான் தோன்றும். அம்மானிலிருந்து மாதபா சுமார் 35 கிலோமீட்டர், அங்கிருந்து நேபோ 10 கிலோமீட்டர், நேபோவிலிருந்து ஆற்றங்கரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றரை மணி நேர ஓட்டம்தான். நேரம் கரைவது சாலையில் அல்ல. 45 பேர் பேருந்திலிருந்து இறங்கிக் கழிப்பறை போய்வர, ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடமாவது ஆகிறது. உள்ளூர் வழிகாட்டி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசினால், தமிழில் பெயர்த்துச் சொல்ல இன்னொரு பத்து நிமிடம். போதாததற்கு, மாதபாவுக்கும் நேபோவுக்கும் இடையே ஏதாவதொரு மொசைக் கைவினைக் கடையில் பேருந்து நிற்கிறது. அங்கே முக்கால் மணி, ஒரு மணி நேரம் போய்விடுகிறது. கைவினைஞர்களின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. கல்லை வெட்டிப் பதிப்பதை நேரில் காண்பது பயனுள்ளதுதான். ஆனால் கடைக்கு ஒரு மணி நேரமும் ஆறாம் நூற்றாண்டுத் தரைக்குப் பத்து நிமிடமும் என்பது அநியாயம். கடை நிறுத்தம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று அங்குள்ள முகவரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நிற்காது.

நேரத்தைத் திருடும் இரண்டாவது இடம் எல்லைப் பாலம். மன்னர் உசேன் பாலம், அதாவது அக்கரையில் ஆலன்பி என்று சொல்லப்படுவது, வெள்ளி, சனிக்கிழமைகளில் முன்னதாகவே மூடிவிடும். அன்றே கடக்க வேண்டிய குழுவுக்குக் காலையிலிருந்தே கண் கடிகாரத்தில்தான் இருக்கும். பாலத்தை மறுநாள் காலைக்கு ஒதுக்குங்கள். ஓர் இரவு விடுதிச் செலவு கூடும்தான். அதை முன்பே கட்டணத்தில் சேர்த்துச் சொன்னால், வாழ்நாள் சேமிப்பில் வருகிறவர்களும் மறுக்க மாட்டார்கள்.

எதை முதலில் பார்ப்பது என்பதைப் பருவத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நேபோ கடல்மட்டத்துக்கு மேலே 700 மீட்டர் உயரம். ஆற்றங்கரை கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 380 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். மேலே சால்வை போர்த்தியவர் கீழே வியர்வையில் நனைவார், காதும் அடைக்கும். மே முதல் செப்டம்பர் வரை ஆற்றங்கரையைக் காலையில் திறந்தவுடனே பார்த்துவிட்டு மலையேறுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மாதபா, நேபோ, பிறகு ஆறு என்று இறங்கி வாருங்கள். குளிர்காலக் காலையில், அதுவும் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், நேபோவிலிருந்து யோர்தான் பள்ளத்தாக்கும் எருசலேம் மலைத்தொடரும் தெளியும். சூரியன் அப்போது நம் முதுகுப் பக்கம் இருக்கும். பிற்பகலில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், எதிரே வெறும் மூட்டம்தான் தெரியும். ஒரு எச்சரிக்கை: குளிர்காலத்தில் ஆற்றங்கரைக்கான நுழைவு பிற்பகலிலேயே முடிந்துவிடும். இரமலான் மாதத்தில் நேரங்கள் மேலும் மாறும். முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். மாதபாவின் புனித ஜார்ஜ் ஆலயத்தில் வெள்ளி, ஞாயிறு காலைகளில் வழிபாடு நடப்பதால் அந்நாள்களில் பார்வையாளர்களுக்குத் தாமதமாகவே திறப்பார்கள். அந்த இரு நாள்களிலும் நேபோவை முதலில் வைப்பது நல்லது.

மாதபா என்பது வேதாகமத்தில் மேதேபா என்று வரும் அதே ஊர். அங்குள்ள புனித ஜார்ஜ் ஆலயத் தரையில் புனித நிலத்தின் வரைபடம் ஒன்று மொசைக்கில் பதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே போனவர்கள் "ஒரு பழைய மேப் பார்த்தோம்" என்று மட்டும் சொல்லித் திரும்புவதுதான் எங்களுக்கு மிகுந்த வருத்தம். மொசைக் என்றதும் நம் மக்களுக்கு நினைவு வருவது வீட்டுத் தரையில் சில்லுக்கல் கொட்டித் தேய்த்த மொசைக். இது அதுவல்ல. சுண்ணாம்புக்கல்லையும் பிற இயற்கைக் கற்களையும் சிறு சிறு கட்டிகளாக வெட்டி, நிறம் பார்த்து ஒவ்வொன்றாகப் பதித்த தரை. இதை ஊரிலேயே படம் காட்டிச் சொல்லிவிடுங்கள். முழுமையாக இருந்தபோது இருபது இலட்சம் கற்கள் இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். 1884-இல் தெரியவந்தது, 1896-இல் அதன்மேல் இன்றைய கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். கட்டுமானத்தின்போது சில பகுதிகள் சேதமாகின. 150-க்கும் மேற்பட்ட ஊர், இடப் பெயர்கள் கிரேக்கத்தில் எஞ்சியிருக்கின்றன.

இதை "உலகின் மிகப் பழமையான வரைபடம்" என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள். அது தவறு, இதைவிடப் பழைய வரைபடங்கள் உண்டு. புனித நிலத்தைக் காட்டி எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது என்பதே சரி. காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்பதையும் மக்களுக்குச் சொல்லுங்கள், கேட்க ஆசைப்படுவார்கள். வரைபடத்து எருசலேமின் தென்பகுதியில் நேயா எனப்படும் புதிய மாதா ஆலயம் இருக்கிறது. அது 542-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. ஆகவே வரைபடம் அதற்குப் பிந்தியது. 1967-க்குப் பிறகு எருசலேமில் தோண்டியபோது அந்த ஆலயத்தின் அடித்தளமும், வரைபடத்தில் நகரின் நடுவே ஓடும் தூண்வரிசைத் தெருவும், படத்தில் உள்ள இடங்களிலேயே வெளிப்பட்டன.

படிக்கும் முறை முக்கியம். இந்த வரைபடத்தில் கிழக்கு மேலே இருக்கிறது. பலிபீடத்தை நோக்கி நின்றால் இடக்கை வடக்கு, வலக்கை தெற்கு. முதலில் சாக்கடல் என்ற நீளக் கட்டத்தைக் காட்டுங்கள். அதில் இரண்டு படகுகள். படகிலிருந்தவர்களின் உருவங்களைப் பிற்காலத்தில் கற்களைக் கலைத்து அழித்திருக்கிறார்கள். உயிர்களின் உருவம் கூடாது என்ற எண்ணம் ஓங்கிய காலத்து வேலை அது. அதன் இடப்பக்கம் யோர்தான். ஆற்றில் ஒரு மீன் சாக்கடலின் உப்புக்கு அஞ்சித் திரும்பி எதிர்நீச்சல் போடுகிறது. கூட்டத்தில் யார் மறந்தாலும் சிறு பிள்ளைகள் அந்த மீனை மறக்க மாட்டார்கள். ஆற்றுக்குக் கீழே பேரீச்ச மரங்களோடு எரிகோ. பிறகு நடுவே முட்டை வடிவில் எருசலேம். அதன் இடக்கோடியில் வடக்கு வாசல், வாசலுக்கு உள்ளே ஒரு தனித்தூண். இன்றைக்கும் அரபு மக்கள் தமஸ்கு வாசலைத் தூண் வாசல் என்றே அழைக்கிறார்கள். தூண் போய்விட்டது, பெயர் நிற்கிறது. தெருவின் நடுவில், தலைகீழாகத் தெரியும் படிகளும் வாசல்களும் கொண்ட கட்டடம் கல்லறைத் திருக்கோயில். மறுநாள் உங்கள் குழு அந்த வாசல் வழியாகவே நுழைந்து அந்தக் கோயிலுக்குள்தான் போகப் போகிறது. இங்கே பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தால், எருசலேமில் ஒருவரும் திசை தெரியாமல் விழிக்க மாட்டார்.

விளக்கம் முழுவதையும் ஆலயத்துக்கு வெளியே, பெரிய படத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். உள்ளே உரக்கப் பேச இடமில்லை. அது வழிபாடு நடக்கும் பங்கு ஆலயம். வரைபடத்தைச் சுற்றித் தடுப்பு உண்டு; 45 பேரும் ஒன்றாக நின்றால் பின்வரிசைக்கு முன்னிருப்பவரின் முதுகுதான் தெரியும். இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். காத்திருக்கும் பாதியைத் தொல்பொருள் பூங்காவுக்கோ, 578-ஆம் ஆண்டு மொசைக் தரையுள்ள அப்போஸ்தலர் ஆலயத்துக்கோ கூட்டிச் செல்லலாம். அங்கே நடுவட்டத்தில் கடலைப் பெண்ணாக்கிக் காட்டியிருப்பதைப் பார்த்து, கோயிலில் இது எப்படி என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். படைப்பு முழுவதையும் தரையில் விரித்துக் காட்டும் அக்கால வழக்கம் அது என்று சொல்ல ஆயத்தமாக இருங்கள்.

நேபோவில் நிகழும் குழப்பமும் திசையில்தான். மாதபாவில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பார்த்தவர்கள், இங்கே கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பார்க்கிறார்கள். அங்கே ஆறு இடமிருந்து வலமாகச் சாக்கடலில் விழுந்தது. இங்கே வலமிருந்து இடமாக விழும். இந்த ஒரு வாக்கியத்தை மேடையில் நின்று சொன்னால் போதும், மொத்த நிலப்பரப்பும் பிடிபட்டுவிடும். உபாகமம் 34-ஐ வாசித்து, எரிகோவின் பசுமையைக் கையால் காட்டுங்கள். மோசேயின் கல்லறை இங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்ல விடாதீர்கள். அது எவருக்கும் தெரியாது என்று அதே அதிகாரம் சொல்கிறது. வெளியே நிற்கும் வெண்கலப் பாம்புச் சிலுவை ஜொவான்னி ஃபந்தோனி என்ற இத்தாலியச் சிற்பி செய்த இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு. அதைப் பழங்காலப் பொருள் என்று நம்பிப் படம் எடுத்துப் போகிறவர்கள் ஏராளம். அதன்முன் படம் எடுக்கும் வரிசையிலேயே பாதி நேரம் கழித்துவிட்டு, மலைமேல் உள்ள ஆலயத்துக்குள் நுழையாமல் திரும்பும் குழுக்களும் உண்டு.

உள்ளே இருப்பதோ 530-ஆம் ஆண்டுத் தரை. வேட்டைக்காரர்களும் மேய்ப்பர்களும் மட்டுமல்ல, நெருப்புக்கோழியும் வரிக்குதிரையும் ஒட்டகமும் மனிதர் கையில் கயிற்றோடு நடக்கின்றன. இதன்மேல் பிற்காலத்தார் வேறொரு தரை போட்டு மூடியதால்தான் படம் அழியாமல் தப்பியது. 1976-இல்தான் மேல்தரையை எடுத்தபோது தெரிந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்ற பெண் பயணி இம்மலைக்கு வந்து இங்கிருந்த ஆலயத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இந்த இடம் பிரான்சிஸ்கன் துறவியர் பொறுப்பில் இருக்கிறது. திருப்பலி வேண்டும் கத்தோலிக்கக் குழுக்கள் முன்பதிவு செய்துகொண்டே போக வேண்டும்.

இனி ஆறு. இங்கே தமிழருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வழிகாட்டி "பெத்தானியா" என்பார். சீர்திருத்தச் சபையாரின் கையிலுள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் யோவான் 1:28 "பெத்தாபரா" என்கிறது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் "பெத்தானியா" என்றே இருக்கிறது. ஒரே பேருந்தில் இரண்டு வாசிப்பும் இருக்கும். இதில் லாசருவின் பெத்தானியாவையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். அது எருசலேமுக்கு அருகே உள்ள வேறோர் ஊர். பழைய கையெழுத்துப் படிகளில் பெத்தானியா என்றே பெரும்பாலும் உள்ளது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகேன் என்ற திருச்சபை அறிஞர் பெத்தாபராதான் சரியென்று வாதிட்டார். இரண்டு வாசிப்பும் நம் கைக்கு வந்துவிட்டன. மாதபா வரைபடம் பெத்தாபராவை மேற்குக் கரையில் எழுதுகிறது. கிழக்குக் கரையில் ஐனோன் என்று குறிக்கிறது. இதை முன்பே சொல்லிவிட்டால் கரையில் வாக்குவாதம் எழாது.

333-இல் இன்றைய பிரான்சிலுள்ள போர்தோ நகரிலிருந்து வந்த பயணி, சாக்கடலிலிருந்து ஐந்து மைல் தூரத்தில் திருமுழுக்கு இடம் என்று எழுதினார். யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்த இடம் சாக்கடலுக்கு வடக்கே 9 கிலோமீட்டரில் இருக்கிறது. ஜோர்டானும் இஸ்ரேலும் செய்த 1994 அமைதி உடன்படிக்கை வரை கண்ணிவெடி நிலம்; வெடிகளை அகற்றிய பிறகே அகழாய்வு நடந்தது. திருமுழுக்கு யோவான் ஆலயத்தின் இடிபாடுகள் இன்று ஆற்றை விட்டுத் தள்ளி நிற்கின்றன. ஆறு தடம் மாறியதும், வெள்ளத்தில் இடிந்து இடிந்து மறுபடியும் கட்டியதும்தான் காரணம். ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் தரைகள் அதற்குச் சாட்சி.

பார்வையாளர் மையத்திலிருந்து அவர்களுடைய பேருந்தில்தான் போக முடியும், பிறகு நடை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கைத்தடி, எல்லோருக்கும் தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சர்க்கரை நோய் உள்ளவர்களின் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகாமல், மலையிலிருந்து இறங்கும்போதே பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். "ஆறு" என்றதும் காவிரியை நினைத்து வருகிறவர்களிடம், இது சில மீட்டர் அகலமே உள்ள, வண்டல் கலங்கிய ஓடை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே பெரும்பங்கு நீரைத் திருப்பிவிட்டதால் இந்த நிலை. கழிவும் கலக்கிறது. தலையில் தெளித்துக்கொள்ளலாம்; வாயில் படக் கூடாது, குடிக்கவே கூடாது. நடுவிலுள்ள மிதவைக் கயிறுதான் எல்லை. அதைத் தாண்டினால் சிப்பாய்கள் தலையிடுவார்கள். அக்கரையில் வேறொரு குழு அதே நேரத்தில் பாடிக்கொண்டிருக்கும், ஆகவே ஒலிபெருக்கி வேண்டாம். ஊருக்குப் புட்டியில் நீர் எடுத்துப் போகிறவர்கள் இறுக மூடி, நெகிழிப்பையில் சுற்றி, பெரிய பெட்டியில் வைக்கட்டும். 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் கைப்பையிலிருந்து விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அங்கே அழுது பயனில்லை.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் மாதபாவுக்குத் தென்கிழக்கே 30 கிலோமீட்டரிலுள்ள உம் அர்-ரசாஸுக்குப் போங்கள். புனித ஸ்தேவான் ஆலயத் தரையில் யோர்தானின் இருபுறத்து நகரங்களும் பெயரோடு இருக்கின்றன. இன்றைய அம்மான் அங்கே பிலதெல்பியா. அந்தத் தரை எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இஸ்லாமிய ஆட்சி வந்து நூறாண்டு கடந்த பிறகும் இங்கே கிறிஸ்தவர்கள் ஆலயம் அணிசெய்தார்கள் என்பதற்குக் கல்லிலேயே சான்று. எங்கள் கணிப்பில் அந்த ஒரு தரைக்காகவே கூடுதல் நாள் தகும்.

கட்டணத்தைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பல சுற்றுலா இடங்களுக்குச் சேர்த்து வாங்கும் ஜோர்டான் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு நேபோவுக்கும் வரைபட ஆலயத்துக்கும் ஆற்றங்கரைக்கும் செல்லாது. மூன்றுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். "எல்லாம் அடக்கம்" என்று எழுதிவிட்டு வாசலில் பயணிகளிடம் திரட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஆலய வளாகத்தில் ஒரு மாலை எல்லோரையும் கூட்டி, வரைபடத்தின் பெரிய அச்சுப்படி ஒன்றைத் தரையில் விரியுங்கள். கிழக்கு மேலே வரும்படி வைத்து, மேற்குப் பக்கமாக அவர்களை நிறுத்துங்கள்.

அன்புடன்,
புனித நிலப் பயணிகளுக்குத் தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதுவோர்