‘இங்கே நிறுத்துங்கள்’ என்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும், கூடவே நின்று உழைத்த தொழில்நுட்ப நண்பர்களுக்கும் வணக்கம்.

அறிவியல், கணிதப் பாடக் காணொளிகளின் முதல் தொகுப்பு வெளியாகிவிட்டது. பொதுவாக ஒரு நன்றி சொல்லி முடித்துவிட்டால், யார் எதைச் சரிசெய்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆகவே உங்கள் ஒவ்வொருவரின் வேலையையும், அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் விவரமாகவே எழுதுகிறோம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதல் நன்றி, வெளியீட்டுக்கு முன்பே காணொளிகளை வகுப்பில் ஓட்டிப் பார்த்த ஆசிரியர்களுக்கு. பாடக் காணொளி எவ்வளவு சீராக ஓடுகிறது என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம் என்று விடாமல் சொன்னவர்கள் நீங்கள். பிலிப் குவோவும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசியது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. இதைப் படித்துவிட்டு அரை மணி நேர விரிவுரையை ஐந்து துண்டாக வெட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு துண்டும் தனக்கென ஒரு கேள்வியோடு தொடங்கி, அதற்கு விடை சொல்லி முடிய வேண்டும் என்றீர்கள். அந்த வரையறை வந்த பிறகு நீளம் தானாகவே நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் அடங்கியது.

நிறுத்தும் இடத்தை எப்படி அமைப்பது என்பதும் உங்களிடமிருந்து வந்ததே. கேள்வி முடிந்த கையோடு விடை தொடங்கினால், ஆசிரியர் எழுந்து பொத்தானை அழுத்துவதற்குள் விடை காதில் விழுந்துவிடும். அதனால் கேள்வி திரையில் அசையாமல் ஐந்து வினாடி நிற்கிறது. குரல் “நிறுத்திவிட்டு, உங்கள் விடையை நோட்டில் எழுதுங்கள்” என்கிறது. அதன் பிறகும் இரண்டு வினாடி மௌனம். அந்த இரண்டு வினாடியை எடிட்டிங்கில் ‘காலியிடம்’ என்று யாராவது வெட்டிவிடக்கூடும் என்பதால், எழுத்துப் பிரதியிலேயே அதைச் சிவப்பில் குறித்துக் கொடுத்தீர்கள்.

எந்தக் கேள்வி என்பது அடுத்த விஷயம். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மாணவர் தவறாகச் சொல்ல வாய்ப்புள்ள கேள்விதான் வேண்டும். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால், மின்னோட்டத்தில் ஒரு பங்கு முதல் பல்பிலேயே செலவாகிவிடும், இரண்டாவதுக்கு மிச்சம்தான் போகும் என்று ஏராளமான மாணவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை ஒரு மாணவர் குரலிலேயே முதலில் சொல்லவைத்து, காணொளியை நிறுத்தி, பிறகு இரண்டு அம்மீட்டர்களும் ஒரே அளவைக் காட்டுவதைக் காண்பிக்கிறோம். டெரெக் முல்லர் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இந்த முறைக்கு வலுச் சேர்க்கிறது. தவறான கருத்தை முதலில் பேசிப் பிறகு திருத்திய காணொளிகளைப் பார்த்த மாணவர்கள், மூளைக்கு அதிக வேலை இருந்தது என்று கூறினாலும், நேரடியாக விளக்கிய காணொளியைப் பார்த்தவர்களைவிடச் சோதனையில் அதிகம் முன்னேறினார்கள். ‘தெளிவாக இருந்தது’ என்ற பாராட்டை மட்டும் நம்பக் கூடாது என்று நாங்களும் உறுதியாகக் கருதுகிறோம்.

மாதிரிப் பதிப்பைப் பார்த்த மாணவர்களே, நீங்கள் குறித்துக் கொடுத்த நேரங்கள் விலைமதிப்பற்றவை. பார்வை வரைபடத்தில் ஓரிடத்தில் மேடு தெரிந்தால், அங்கே பலர் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள். பிடித்துப்போய்ப் பார்த்தார்களா, புரியாமல் பார்த்தார்களா என்பதை வரைபடம் சொல்லாது. ‘2:10இல் அந்த x எங்கிருந்து வந்தது?’ என்ற உங்கள் ஒரு வரி சொன்னது.

ஒலிப்பதிவைக் கவனித்த நண்பர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். படம் சற்று மங்கினாலும் மாணவர் பொறுத்துக்கொள்வார். குரல் எதிரொலித்தால் பொறுக்க மாட்டார். புதிய கேமரா வேண்டாம், ஃபோன் கேமராவே போதும், பணத்தை மைக்கில் போடுங்கள் என்ற உங்கள் ஆலோசனையை இந்த வேலையில் இறங்கும் எல்லாருக்கும் சொல்வோம். பேசுபவரிடமிருந்து மைக் இருக்கும் தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. எதிரே நிற்கும் ஃபோனின் மைக்கில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பதற்கு இதுதான் காரணம். காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, துப்பட்டாவோ சங்கிலியோ உரசாத இடத்தில் குத்தினீர்கள். சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுவதைத் தடுத்து, பேசுபவருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் கனமான ரஜாய்களை (பஞ்சு அடைத்த தடித்த போர்வைகளை) தொங்கவிட்டீர்கள். மெல்லிய படுக்கை விரிப்பு இதற்கு உதவாது.

மைக்கின் பிளக்கைப் பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது கேமராவுக்கானது. மூன்று வளையம் இருந்தால் ஃபோனுக்கானது. இரண்டு வளைய மைக்கை நேரடியாக ஃபோனில் செருகினால், ஃபோன் அதை மைக்காக அடையாளம் காணாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவுசெய்துகொண்டிருக்கும். பதிவு முடிந்து கேட்கும்வரை இது தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் பத்து வினாடி பதிவுசெய்து, காலர் மைக்கை விரலால் தட்டி, ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டே தொடங்குவது என்று வழக்கமாக்கினீர்கள். பதிவு அளவுகாட்டியில் குரலின் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே இருக்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்த குரலை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. மின்விசிறியை நிறுத்தி, யாரும் பேசாத 30 வினாடி அமைதியையும் தனியே பதிந்துகொண்டீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்த மாதிரி வேண்டும். வெட்டு விழுந்த இடங்களை நிரப்பவும் அதுதான் கைகொடுத்தது. ஒரு காதில் மட்டும் கேட்ட பதிவுகளை மோனோவாக மாற்றினீர்கள். எல்லாக் காணொளிகளையும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அருகே ஒரே உரப்புக்குக் கொண்டுவந்தீர்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் ஒவ்வொரு காணொளிக்கும் ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேசைமேல் காட்சிகளைப் படமெடுத்தவர்களுக்கு அடுத்த நன்றி. கேமரா மேசையை நோக்கும்படி ஃபோனைக் கவிழ்த்து மாட்டினால், அது நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று அதன் உணரிக்குத் தெரியாது; படம் குறுக்காகப் பதிவாகிவிடும். ஃபோனைக் கையில் கிடைமட்டமாக நிமிர்த்திப் பிடித்து, பதிவைத் தொடங்கிவிட்டு, அதன் பிறகு ஸ்டாண்டில் மாட்டுவது எளிய தீர்வு. மேசையில் 32 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம் என்று டேப் ஒட்டி எல்லை குறித்தீர்கள். அதற்குள் எழுத்தின் உயரம் ஒரு செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. திரையின் உயரம் 7 செ.மீ. உள்ள ஃபோனில் அது ஏறத்தாழ 4 மி.மீ. ஆகத் தெரியும், அதைவிடச் சிறிதானால் வாசிக்கக் கண் வலிக்கும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவையும்) மாறாதபடி பூட்டிவைத்தீர்கள். பூட்டாவிட்டால், கை உள்ளே வரும்போதெல்லாம் ஃபோகஸ் அலைபாயும், வெள்ளைத்தாள் சாம்பல் நிறமாகும். வலக்கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம் இருந்தால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் 1/50 வினாடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 வினாடி என்று வைத்தால் விளக்கொளியால் வரும் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

எடிட்டிங் செய்தவர்கள் பின்னணி இசையை எடுத்துவிட்டதற்குச் சிறப்பு நன்றி. பாடத்துக்குத் தேவையில்லாத ஒலியும் அலங்காரமும் கற்றலைக் குறைக்கின்றன என்பதை கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் பல சோதனைகளில் காட்டியுள்ளன. ஃபோன்கள் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவதால், நீண்ட காட்சிகளில் உதட்டசைவும் குரலும் மெல்ல விலகும். மூலப்பதிவை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மாற்றுக் கருவியில் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஏற்றினீர்கள். இந்த மென்பொருள்களை இலவசமாகத் தந்து பராமரித்துவரும் தன்னார்வலர்களுக்கும் எங்கள் வணக்கம்.

வசன வரிகளைச் செய்தவர்களின் வேலை வெளியே தெரியாத வேலை. தானாக உருவாகும் வரிகளில் கலைச்சொற்கள்தான் முதலில் சிதைகின்றன. பாடத்தில் முக்கியமானவையும் அவையே. ஒவ்வொரு வரியையும் காதால் கேட்டுத் திருத்தினீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் இல்லை, சொற்றொடரின் நடுவில் உடைப்பதில்லை, எந்த வரியும் ஒரு வினாடிக்குள் மறைவதில்லை. பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்து வந்தவற்றையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தீர்கள். எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்; அதனால் கணினியில் சரியாகத் தெரிந்தவற்றைப் பழைய ஃபோன்களிலும் திறந்து பார்த்தீர்கள். வரிகளைப் படத்திலேயே நிரந்தரமாகப் பதித்துவிடாமல் தனிக் கோப்பாக வைத்ததால், வேறு மொழிக்குக் கொண்டுபோக விரும்புபவர் அந்தக் கோப்பை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். சைகை மொழிபெயர்ப்பாளர்களுக்கும் நன்றி. கையின் நிறத்திலிருந்து தெளிவாக வேறுபடும் ஒரே நிற உடை, முழங்கை வரை தெரியும் சட்டகம், திரையில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் என்று நீங்கள் கேட்டவை நியாயமானவை. படங்களை வரைவதற்கு முன்பே அந்த இடத்தை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது.

இணையம் மெதுவாக உள்ள இடங்களுக்குக் கோப்புகளைச் சுருக்கித் தந்தவர்களின் கணக்கு இது. வினாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிந்த 6 நிமிடக் காட்சி 765 எம்பி. அதே நீளமுள்ள, கரும்பலகை போல வரைந்து விளக்கும் காணொளியை 720பி அளவில் வினாடிக்கு 500 கிலோபிட், ஒலிக்கு 64 கிலோபிட் மோனோ என்று வைத்தால் 25 எம்பிக்குச் சற்றே மேல், எழுத்து சிதைவதில்லை. சோதனைச்சாலைக் காட்சியில் அசைவு அதிகம், அதற்கு 1500 கிலோபிட்டாவது வேண்டும், அப்போது 70 எம்பி. பழைய ஃபோன்களிலும் ஓடுவதற்காக எச்.264 என்ற சுருக்க முறையையே வைத்துக்கொண்டீர்கள். ஹேண்ட்பிரேக்கில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ தெரிவை இட்டதால், முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திராமல் காணொளி தொடங்கிவிடுகிறது.

நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் திரையிட்டவர்களே, ஒலிபெருக்கியைப் ப்ரொஜெக்டர் அருகே வைக்காமல் திரைக்கு அருகே, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் உயரத்தில் வைத்தீர்கள். கடைசி வரிசை வரை சொல் விளங்கியது. ஒரே மூச்சில் நான்கு காணொளிகளை ஓட்டாமல், ஒன்றைக் காட்டிவிட்டுப் பேசவிட்டீர்கள்.

பிள்ளைகளைப் படமெடுக்க எழுத்துமூலம் ஒப்புதல் தந்த பெற்றோருக்கு நன்றி. ஒப்புதல் தராதவர்களுக்கும் அதே நன்றி. அந்தக் காட்சிகளில் கைகள் மட்டுமே தெரிகின்றன, பாடத்துக்கு அதுவே போதுமானது. தந்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பெயர் அட்டைகள், சீருடையில் உள்ள பள்ளிச் சின்னங்கள், கோப்புக்குள் பதிவாகும் இடத் தகவல் ஆகியவை வெளியீட்டுக்கு முன் நீக்கப்பட்டுள்ளன.

காணொளிகள் அனைத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் உள்ளன. பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் யார் வேண்டுமானாலும் மாற்றி வெளியிடலாம். கட்டற்ற படங்கள், காணொளிகளின் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4 கோப்புகளை ஏற்பதில்லை என்பதால் வெப்எம் வடிவமும் சேர்த்திருக்கிறோம். திரையில் எழுத்தில்லாத பதிப்பு, தனிக் குரல் கோப்பு, வசன வரிகள், ஆசிரியருக்கான ஒரு பக்கக் கேள்வித்தாள் ஆகியவை ஒவ்வொரு காணொளியின் கோப்புறையிலும் இருக்கின்றன. பென் டிரைவில் மூலப்பதிவுகளை எடுத்துச்செல்பவர்கள் அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

சம்மதம் தந்தவர்களின் பெயர்கள் அந்தந்தக் காணொளியின் இறுதியில் வருகின்றன. வேண்டாம் என்றவர்களின் பெயர்களை விட்டிருக்கிறோம். இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்தே எழுதியது.

நன்றியுடனும் அன்புடனும்,
பாடக் காணொளிக் குழுவினர்