பேரிக்காய் மரத்தில் ஒரு திருகோணமலை

குன்னூர்,
தை மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன். சொட்டு மருந்தை மட்டும் நாள் தவறாமல் விடு. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த முறை மழை கார்த்திகை முடியும் வரை விடவே இல்லை. இப்போது நேர்மாறாக, பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரியில் எலும்பைத் துளைக்கும் பனி. இந்த வறட்டுக் காற்று என் கப்பலுக்கு என்ன செய்தது என்று பின்னால் சொல்கிறேன்.

“மலைமேல இருந்துக்கிட்டு ஒனக்கு எதுக்குல கப்பல்? அதுவும் ஆளைக் கொல்லுத போர்க்கப்பல்?” என்று கேட்டிருந்தாய். பழைய போர்க்கப்பல் ஒன்றின் சின்ன மாதிரியை மரத்தில் செய்கிறேன் என்று போன கடிதத்தில் நான் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனது தப்பு. தோணி கட்டுகிற ஓடாவியின் மகனிடம் கப்பலைப் பற்றி ஒரு வரியில் சொன்னால் எப்படி? அதனால் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

கப்பலின் பெயர் ‘டிரிங்கமாலி’. நம் திருகோணமலைதான். 1817 அக்டோபர் 12-ஆம் தேதி பம்பாயில் கடலில் இறக்கினார்கள். கட்டியவர் ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி மேஸ்திரி. மரம் முழுக்க மலபார் தேக்கு. மலபார் என்றால் இங்கே கூடலூரைத் தாண்டி மலை இறங்கினால் வரும் சீமைதான். அந்தக் கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் உடல் மரத்தில் பெரும்பங்கு பம்பாயில் அடித்த அதே தேக்கு என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படம் எடுத்துக் கொடுத்தவன் என் மகன். பழைய கப்பல் படங்கள் நிறையக் காட்டினான், விக்டரி உட்பட. எல்லாம் அழகுதான். ஆனால் இந்தப் பெயரைப் பார்த்ததும் வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியும், நான் கப்பல் ஏறியது வாழ்க்கையில் ஒரே தடவை. ஏழு வயதில், இலங்கைத் தோட்டத்தை விட்டு எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது, தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கிய ‘ராமானுஜம்’ கப்பல். பெரியவர்கள் எல்லோரும் கரையையே பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் கைப்பிடிக் கட்டையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து “தேக்கு” என்றார். தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர் அவர். அப்புறம் மண்டபம் முகாம் வரும் வரை வாய் திறக்கவில்லை. இலங்கையை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அந்தத் தட்டுகிற சத்தம்தான். அந்தத் தீவின் ஒரு துறைமுகத்துப் பெயரைச் சுமந்துகொண்டு தேக்கில் ஒரு கப்பல் நிற்கிறது என்றால், நான் வேறு எதைச் செய்வேன், சொல்.

கொல்லுகிற கப்பல் என்கிறாயே, அதற்கும் பதில் இருக்கிறது. நெப்போலியன் சண்டைக்காகத் திட்டமிட்ட கப்பல் இது. ஆனால் வரைபடத்தை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கு வந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் ‘கான்ஸ்டிடியூஷன்’ அடித்து நொறுக்கியது. வரைபடமும் அதோடு போயிற்று. இன்னொரு நகல் வந்து சேர்ந்து, ஏரா, அதாவது கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டை, போடும்போது 1816 ஆகிவிட்டது. நெப்போலியன் அதற்கு முந்தின வருஷமே தோற்றுப் போனான். 1819-இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்த கப்பலை அப்படியே கட்டிப் போட்டார்கள், ஏறக்குறைய கால் நூற்றாண்டு. பிற்காலத்தில் அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் சுற்றியது. அதற்கப்புறம் அதன் வேலையெல்லாம் இளைஞர்களுக்குக் கடல் வேலை சொல்லிக் கொடுத்ததுதான், 1986 வரை. அதன் பீரங்கி யாருடைய ஆட்சிக்காக வார்த்தது என்பதை நான் மறக்கவில்லை மாப்பிள்ளை. அந்தக் கொடிக்காக நான் இதைச் செய்யவில்லை. பம்பாயில் மரம் செதுக்க வாய்ச்சி பிடித்த அந்தக் கைகளுக்காகச் செய்கிறேன்.

சரி, இனி என் கப்பலுக்கு வருகிறேன். அளவு 64-இல் ஒன்று. அசல் கப்பலின் பீரங்கித் தளம் 150 அடி நீளம்; எனக்கு 28 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அகலம் ஏழரை அங்குலம். முன்னால் நீட்டிய கொம்பையும் சேர்த்தால் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் பிடிவாதமாகத் தேக்கிலேயே தொடங்கினேன். அசல் தேக்கு, அதனால் நகலும் தேக்கு என்ற எண்ணம். கூடலூர் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டின் ஜன்னல் சட்டத்தை வாங்கி, மர மில்லில் கொடுத்து, மெல்லிய பட்டைகளாக அறுத்து, அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில், வளைத்தேன். பாதி உடைந்தது. உடையாததைப் பார்க்கச் சகிக்கவில்லை. காரணம் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கப்பலை 64 மடங்கு சுருக்கலாம், மரத்தின் ரேகையைச் சுருக்க முடியாது. தேக்கில் கண்ணுக்குத் தெரியும் துளைகள் உண்டு. கால் மில்லிமீட்டர் துளை என்றே வைத்துக்கொள், என் அளவில் அது 16 மில்லிமீட்டர் பொத்தல். பம்பாயில் அப்படிப் பலகை போட்டிருந்தால் சுண்டு விரலை உள்ளே விடலாம். பார்க்கிறவன் கண்ணுக்கு அது கப்பலாகத் தெரியாது, ஜன்னல் சட்டமாகத்தான் தெரியும்.

கப்பல் மாதிரி செய்கிறவர்கள் காலங்காலமாகத் தேடுவது பேரிக்காய் மரத்தை. ரேகை தெரியாத, இழைத்தால் வெண்ணெய் போல வழவழவென்று வரும் மரம். சீமையிலிருந்து வரவழைக்க வேண்டும், என் பென்ஷனுக்குக் கட்டாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இதைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய். நம் வீட்டுக் கொல்லையில் நின்ற மரம் என்ன மரம்? நீ தங்கியிருந்த காலத்தில் ஆடி மாதம் உப்பும் மிளகாய்த் தூளும் எடுத்துக்கொண்டு போய் அதன் கீழே உட்கார்ந்து தின்றாயே, அதேதான். மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் வேரோடு சாய்ந்தது. அம்மா நட்ட மரம் என்பதால் விறகுக்கு விடாமல், துண்டு போட்டு, முனைகளில் பெயின்ட் அடித்து, இடையிடையே குச்சி வைத்து அடுப்படிப் பரணில் அடுக்கியிருந்தேன். ஒரு அங்குலப் பலகை காய ஒரு வருஷம் என்று அப்பா கணக்குச் சொல்வார். நான் இரண்டு வருஷம் விட்டேன். முதல் துண்டை இழைத்தபோது வந்த நிறத்தை எப்படிச் சொல்வது, நன்றாகக் கொதித்த பாலில் இரண்டு சொட்டு டீ விட்ட மாதிரி.

இப்போது என் கப்பலின் தோல் முழுக்க அந்த மரம். கயிறு ஓடுகிற சின்னக் கப்பிகளுக்குத் தேயிலைச் செடியின் கட்டை. தோட்டங்களில் வயதான செடியைப் பிடுங்கிப் போடுகிறார்களே, அந்த அடித்தண்டு இரும்பு மாதிரி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் துளை போட்டாலும் பிளக்கவில்லை. தேக்கை ஏராவுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அதன்மேல் செப்புத் தகடு வந்துவிடும், ரேகை யாருக்கும் தெரியாது. ஆனால் அடியில் தேக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஏரா போடும்போது பார்சிகள் பூஜை செய்து ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள், டிரிங்கமாலிக்கும் அடித்தார்கள். நானும் விடவில்லை. பேத்தியின் அறுந்த கொலுசிலிருந்து ஒரு கண்ணியை வெட்டி, தட்டி ஆணியாக்கி, அவள் கையாலேயே இறக்கச் சொன்னேன்.

பலகை ஒட்டுவதில்தான் உன் அப்பாவை நாளுக்குப் பத்துத் தடவை நினைத்துக்கொண்டேன். தூத்துக்குடியில் அவர் தோணி கட்டிய இடத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போனாயே. அணியத்தில் பலகையை இழுத்து மடக்காதே, அது போகிற போக்கைப் பார்த்து நீ செதுக்கு என்று ஒரு பையனைத் திட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் கழித்து அது எனக்கு உதவியது. நடுவில் வங்கின், அதாவது விலாச் சட்டத்தின், சுற்றளவு பெரிது, அணியத்தில் சிறிது. எல்லாப் பலகையும் ஒரே அகலத்தில் போனால் முன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொன்றையும் முனையில் பாதி அளவுக்குக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பின்புறத்தில் கதை மாறுகிறது, அங்கே இடம் மிஞ்சும், நடுவில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு சேர்க்க வேண்டும். வளைப்பதற்கு இட்லிப் பானை. பத்து நிமிஷம் ஆவியில் வைத்து, சால்டரிங் அயர்னின் சூட்டில் மெல்ல அழுத்தினால் பலகை சொன்னபடி கேட்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு பலகை, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கமாகப் போனால் உடல் முறுக்கிக்கொள்ளும். தளத்துப் பலகைகளுக்கு நடுவே இடுக்கை அடைக்கிற கலப்பத்து தெரிய வேண்டாமா? விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்து ஒட்டினேன், உன் ஊரில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்த கோடு மாதிரியே இருக்கிறது.

வறட்டுக் காற்று பற்றிச் சொன்னேன் இல்லையா. மழைக்காலத்தில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகிற நாட்களில், ஈரம் குடித்திருந்த பலகைகளை நான் நெருக்கி ஒட்டிவிட்டேன். தை பிறந்ததும் ஏராவை ஒட்டிய முதல் பலகையில் முடி அளவுக்கு ஒரு விரிசல். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அந்தப் பலகையைச் சீவி எடுத்துவிட்டு, புதுத் துண்டை ஒரு வாரம் அடுப்படியில் காயவிட்டு வைத்தேன். இப்போது சுவரில் ஈரமானி மாட்டியிருக்கிறேன். அது அறுபது சதவீதத்துக்கு மேல் காட்டினால் கோந்துப் பாட்டிலைத் தொடுவதில்லை.

அடுத்து செப்பு. அசல் தகடு நாலடி நீளம், பதினாலு அங்குல அகலம். எனக்கு அது 19 மில்லிமீட்டருக்கு ஐந்தரை. இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வேண்டும். இருநூறு ஒட்டியாயிற்று, பின்னாலிருந்து முன்னால் போகிறேன். பளபளப்பைப் போக்க மாட்டேன், இந்த மலைக்காற்றில் அது தானாகவே பழுப்பாகிவிடும். பீரங்கிகளைப் பித்தளைக் கம்பியில் கடைந்தேன், பழைய ஒர்க்‌ஷாப் நண்பர் தன் லேத்தைக் கொடுத்தார். பெரிய தளத்துக்கு மட்டும் இருபத்தெட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம்.

கயிறு வேலையை இன்னும் தொடவில்லை. பாய்மரத்துக்கு ஏறுகிற கயிற்று ஏணியின் படிகள் ஆறு மில்லிமீட்டருக்கு ஒன்று, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. கோத்தகிரியில் தேன்மெழுகு வாங்கி வைத்திருக்கிறேன், நூலில் தேய்த்தால் பிசிறு படியும். கடையில் கிடைக்கும் நூல் எல்லாம் மினுமினுக்கிறது, கயிறாகத் தோன்றவில்லை. பழைய சுவர்க் கடிகாரத்தின் சக்கரங்களை வைத்து நூல் முறுக்க ஒரு கருவி செய்திருக்கிறேன். அதற்கு நல்ல பருத்தி நூல் வேண்டும், மினுக்கம் ஏற்றாதது, மூன்று தடிமனில். உங்கள் ஊர் மில் பக்கம் கிடைக்குமா என்று பார்.

இன்னொன்று. கப்பலின் மூக்கில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆளின் சிலை இருக்கிறது. அதற்கும் ஒரு பேரிக்காய்க் கட்டையை எடுத்து வைத்திருக்கிறேன், கட்டை விரல் அளவுதான். அசலின் படத்தைப் பார்த்துத்தான் செதுக்குவேன். ஆனால் மீசைக்கு உன் அப்பாவின் போட்டோ ஒன்று அனுப்பு, தோணிக்கு முன்னால் துண்டு கட்டி நிற்பாரே, அது.

சித்திரையில் சீசன் தொடங்குமுன் நீயும் தங்கச்சியும் வாருங்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், கூட்டமும் இருக்காது. நூலோடு மக்ரூன் ஒரு பெட்டி சேர்த்துக் கொண்டுவா, பேத்தி இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
உன் குன்னூர் மாப்பிள்ளை