எண்ணும் பேச்சும் சந்திக்கும் இடம்

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆய்வுக்குச் சர்வேயும் வேண்டும், நேர்காணலும் வேண்டும் என்கிறார்கள், இரண்டையும் எங்கே சேர்ப்பது என்று கேட்டிருந்தாய். இப்படி எண்ணையும் பேச்சையும் சேர்த்துச் செய்யும் கலப்பு முறை ஆய்வின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓர் அத்தியாயம் எண்களுக்கு, அடுத்தது பேட்டிகளுக்கு என்று எழுதி முடித்தால், ஒரே அட்டைக்குள் இரண்டு ஆய்வுகள் இருக்கும், அவ்வளவுதான்.

முதலில், இரண்டு முறையும் ஏன் தேவை என்பதை ஒரே வரியில் எழுதிப் பார். கிரீன், கராசெல்லி, கிரஹாம் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1989-இல் இதற்கு ஐந்து நோக்கங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: ஒன்றை இன்னொன்றால் சரிபார்ப்பது, ஒன்று சொன்னதை இன்னொன்றால் விளக்குவது, ஒன்றின் முடிவிலிருந்து அடுத்ததை உருவாக்குவது, முரண்பாட்டைத் தேடிப் புதுக் கேள்வி எழுப்புவது, ஆய்வின் பரப்பை விரிப்பது. உன்னுடையது எது? ‘ஆய்வு ஆழமாக இருக்கும்’ என்பது பதிலே இல்லை.

மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள். யார் நிறுத்துகிறார்கள் என்று சர்வே சொல்லும். அப்புறம் யாரைப் பேட்டி எடுப்பாய்? கிடைத்தவர்களை அல்ல. எல்லா வசதியும் இருந்து நிறுத்தியவர், எதுவும் இல்லாமல் தொடர்ந்தவர் என்று உன் எண்களால் விளக்க முடியாதவர்களைத் தேடிப் போக வேண்டும். எண்கள் பேச்சைத் தொடுவது அங்கேதான். ஆனால் அதற்கான ஏற்பாடு வினாத்தாளிலேயே இருக்க வேண்டும்: மறுபடி தொடர்புகொள்ளலாமா என்ற சம்மதம், பதிலையும் ஆளையும் இணைக்கும் ஒரு குறியீட்டு எண். பெயரில்லாத வினாத்தாளைக் கொடுத்துவிட்டால், பிறகு அந்த மனிதர்களைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடமும் இதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடு.

பொருத்தமான வினாத்தாளே இல்லாத விஷயம் என்றால், வரிசையைத் திருப்பு. முதலில் பேசு. மக்கள் சொல்லும் வார்த்தைகளிலிருந்தே கேள்விகளை அமை.

சரி, இரண்டும் ஒன்றையொன்று மறுத்தால்? சர்வேயில் ‘திருப்தி’ என்று குறித்தவரே பேட்டியில் மனக்குறையைக் கொட்டலாம். பயந்து ஒன்றை மறைத்துவிடாதே. ஒரே அட்டவணையில் இடப்பக்கம் எண், நடுவில் அவர் சொன்னது, வலப்பக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து நீ புரிந்துகொண்டது என்று எழுது. கேள்வியை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டாரா, யாரிடம் பதில் போகும் என்று தயங்கினாரா என்று பார். நல்ல ஆய்வேடுகளில் நான் முதலில் தேடிப் படிப்பது அட்டவணையின் அந்த வலப்பக்கக் கட்டத்தைத்தான்.

இரண்டு முறைகளும் ஒரே ஆய்வில் சேரவே கூடாது என்று வாதிடுபவர்களும் உன் துறையில் இருப்பார்கள். 1980-களில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. பொறுமையாகக் கேட்டுக்கொள், அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் முறையை முடிவு செய்வது உன் கேள்விதான்.

ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்கவே பல மணி நேரம் ஆகும். அதனால் பேட்டிகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் முழுதாகப் படி. எது முதலில், எது அடுத்து, எங்கே சேர்கின்றன என்று ஒரு பக்கத்தில் படமாக வரைந்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா