தொப்பூர் இறக்கமும் இறங்காத கோடும்

தருமபுரி மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இயக்கச் சமன்பாடுகளை வரைபடத்திலிருந்து வருவிக்கும் வினா தேர்வில் வரும் என்று, கரும்பலகையில் ஒரு சரிவகம் வரைந்து, முனைகளுக்கு எழுத்திட்டு, நெட்டுருப் போட வைத்துவிடுகிறோம். மதிப்பெண்ணும் விழுந்துவிடுகிறது.

அதே பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: தொப்பூர் கணவாயில் ஒரு லாரி மாறாத வேகத்தில் இறங்குகிறது; அதன் திசைவேகம்–காலம் வரைபடம் எப்படி இருக்கும்? சாலை இறங்குகிறதே என்று கோட்டையும் இறக்கி வரைபவர்கள்தான் அதிகம். கோடு படுக்கையாக அல்லவா இருக்க வேண்டும்! நம் ஊர்ப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1994-இல் அமெரிக்காவின் ராபர்ட் பெய்க்னர் இதற்கென்றே ஒரு தேர்வை வடிவமைத்து வெளியிட்டார். அங்கே கல்லூரி மாணவர்கள்கூட வரைபடத்தைச் சாலையின் படமாகவே பார்த்தார்கள்.

எனவே வருவித்தலைச் சில நாள் தள்ளி வையுங்கள். மைதானத்தில் இரண்டு மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மாணவரை நிறுத்துங்கள். ஒருவர் நடக்கட்டும், அவர் தங்களைத் தாண்டும் நொடியை மற்றவர்கள் குறிக்கட்டும், அதைக் கொண்டு வரைபடம் வரையட்டும். பிறகு தலைகீழாகச் செய்யுங்கள்: வரைபடத்தை முதலில் காட்டி, அதன்படி நடக்கச் சொல்லுங்கள். தொலைவு–காலம் வரைபடத்தில் படுக்கைக் கோடு என்றால் நிற்க வேண்டும். திசைவேகம்–காலம் என்றால் சீராக நடக்க வேண்டும். இங்கேதான் வகுப்பு தடுமாறும். தடுமாறட்டும், அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள்.

திசைவேகம்–காலம் வரைபடத்தில் கோட்டுக்கு அடியிலுள்ள பரப்புதான் கடந்த தூரம் என்று காட்டவும் தொப்பூரே போதும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் லாரி சீராகப் பிரேக் பிடித்து 5 நொடியில் நின்றால், கோட்டுக்கு அடியிலுள்ள முக்கோணத்தின் பரப்பு 25. அதாவது, நிற்பதற்குள் 25 மீட்டர் ஓடிவிடுகிறது. வேகம் 20 என்றால் அதே பிரேக்குக்கு 10 நொடி, பரப்பு 100. வேகம் இரு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. கணவாய் விபத்துகளைக் கேட்டே வளரும் பிள்ளைகள் இந்த முக்கோணத்தைக் கட்டம் கட்டமாக எண்ணிப் பார்க்க வேண்டும். சூத்திரம் பிறகு வரட்டும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எண்களே இல்லாத ஒரு வரைபடத்தைக் கொடுத்து, ‘இந்தப் பேருந்து என்ன செய்தது?’ என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். திருத்துவது சிரமம்தான், விடைக்குறிப்பைப் பார்த்து டிக் அடிக்க முடியாது. வரும் காலாண்டுத் தேர்வில் ஒரே ஒரு வினாவாவது இப்படிக் கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பென்னாகரம்