ஜீப் ஓட்டி வந்த சேட்டனுக்கும், மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

சின்னவன் போய் இன்றோடு 22 நாள் ஆகிறது. சின்னப் பிள்ளைக்குப் பதினாறெல்லாம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், மூன்றாம் நாள் பால் ஊற்றியதோடு சரி. அதனால் வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து, ஒரு வாய்ச் சோறு போட்டு, கையைப் பிடித்து நன்றி சொல்கிற நாள் என்று எங்களுக்கு ஒன்று அமையவே இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்ன நோய், எங்கெங்கே அலைந்தோம் என்பதெல்லாம் வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி வரைக்கும் நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

கோட்டயத்தில் ரத்தம் கொடுத்த காலேஜ் பிள்ளைகளே, உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தேயிலைக் கொழுந்து பறித்த காசை அப்படியே கொண்டுவந்து கொடுத்த மூன்று லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு ஜனங்களே, அந்தக் காசில் எத்தனை பேர் இடுப்பு வலி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நானும் கூடை சுமக்கிறவள்தான். முண்டக்கயம் வளைவில் பிள்ளை வாந்தி எடுத்தபோது பஸ்ஸை ஓரமாக நிறுத்தச் சொல்லி, தன் பாட்டில் தண்ணீரை நீட்டிய கண்டக்டர், வார்டில் தன் மகளுக்கு வாங்கிய கஞ்சியில் எங்களுக்கும் பங்கு வைத்த பக்கத்துப் படுக்கை அம்மா, பள்ளிவாசலில் துஆ கேட்டவர்கள், மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றியவர்கள், மாரியம்மன் திருவிழாவில் எங்கள் லயத்தைப் பார்த்து இருந்த குழாய் ஸ்பீக்கரை நாங்கள் கேட்காமலே கழற்றி வைத்த கமிட்டி அண்ணன்கள், கம்பத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போன என் மதினி, எல்லோருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் பாலியேட்டிவ், அதாவது நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்க்கிற வைத்தியம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வார்த்தையை முதலில் கேட்டபோது நான் பயந்தேன். இனி வீட்டில் வைத்தே பார்க்கலாம், பஞ்சாயத்து பாலியேட்டிவ் ஆட்கள் வருவார்கள் என்று டாக்டரம்மா சொன்னதும், ஆஸ்பத்திரி எங்களைக் கைவிட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். சொந்தக்காரர்களில் சிலர் அதை முகத்துக்கு நேராகவே கேட்டார்கள், "பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டீங்களே, அவ்வளவுதானா?" என்று. அவ்வளவுதான் இல்லை. கடைசி நாட்களுக்கு மட்டுமான சிகிச்சை இல்லை இது. நோய் தெரிந்த நாளிலிருந்தே மருந்து ஒரு பக்கம் நடக்க, வலிக்கும் வாந்திக்கும் தூக்கத்துக்கும் வீட்டாரின் மனசுக்கும் இன்னொரு பக்கம் இது நடக்கலாம். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் முன்பே கேட்டிருப்பேன்.

மார்ஃபின் என்றதும் என் மாமியார் அழுதுவிட்டார், பச்சைப் பிள்ளைக்குப் போதை மருந்தா என்று. வீட்டுக்கு வந்த பாலியேட்டிவ் நர்ஸ் சிஸ்டர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். எடை பார்த்து அளவு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, படுக்கும் முன் கொஞ்சம் கூட்டி, அப்போதுதான் நடு ராத்திரியில் எழுப்ப வேண்டாம். மலம் இறுகும், அதற்கும் கூடவே மருந்து. வலிக்கு அளந்து கொடுக்கிற மருந்து போதை ஆகாது பாட்டி என்றார். மூன்றாம் ராத்திரி என் பிள்ளை விடியும்வரை தூங்கினான். விடிந்ததும் பலாச்சுளை கேட்டான். அவன் ஒன்று வேண்டும் என்று கேட்டே ஒரு மாதம் ஆகியிருந்தது. மாமியார்தான் ஓடினார், பக்கத்து லயத்து மரத்தில் பழுத்திருக்கிறதா என்று பார்க்க.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இன்னொருவருக்காக. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பாலியேட்டிவ் ஜீப்பை எங்கள் லயம் வரைக்கும் ஏற்றிக் கொண்டுவந்த டிரைவர் சேட்டனுக்காக. அந்த ரோட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மழையில் அதில் டிராக்டரே திணறும். அதற்கே கும்பிடலாம். நான் சொல்ல வந்தது அது இல்லை.

எங்களுக்கு ஒரு பெரியவள் இருக்கிறாள். 9 வயது. இந்த ஏழெட்டு மாதம் அவள் என்ன சாப்பிட்டாள், யார் தலை பின்னி விட்டார்கள், ஹோம்வொர்க்கை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில், அப்பா வேலையில், அவள் பாட்டியோடு. வருகிறவர்கள் எல்லோரும் தம்பிக்குக் காரும் பந்தும் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். அவள் கதவோரம் நின்று பார்ப்பாள். யாராவது அவளிடம் பேசினால், "தம்பி எப்படிம்மா இருக்கான்?" என்றுதான் பேசுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், அதை மறைக்கவில்லை.

முதல் செவ்வாயன்றே சேட்டன் வண்டியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி, "மோள் சாப்பிட்டியா?"

இரண்டாவது செவ்வாயன்று அவளுக்கென்று ஒரு பென்சில் டப்பா வந்தது. தம்பிக்கு ஒன்றும் இல்லை, அவளுக்கு மட்டும். சிஸ்டர் உள்ளே பிள்ளையைப் பார்க்கிற ஒரு மணி நேரமும் சேட்டன் வெளியே அவளோடு இருப்பார். எங்கள் ஊர்ப் பனி தெரியுமே, பத்து மணிக்கும் ஜீப் கண்ணாடி வெள்ளையாக மூடியிருக்கும். அதில் அவர் விரலால் ஒரு மலையாள எழுத்து எழுதுவார், பக்கத்தில் இவள் அதே சத்தத்துக்குத் தமிழ் எழுத்து எழுதுவாள். அவருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், எழுத வராது. அதனால் இவள்தான் டீச்சர். முடிந்ததும் பழைய பேப்பரைச் சுருட்டி இரண்டு பேருமாகக் கண்ணாடியைத் துடைப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அவளாகவே எழுந்து தலை சீவிக்கொள்ள ஆரம்பித்தாள். எனக்கு அதுகூடப் பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் துடைத்துக்கொண்டே அவரிடம் கேட்டிருக்கிறாள், நான் தள்ளிவிட்டதால்தான் தம்பிக்கு இப்படி ஆச்சா என்று. காய்ச்சல் முதலில் வந்ததற்கு இரண்டு நாள் முன்னால் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டுத் தள்ளிவிட்டிருக்கிறாள், அவன் நெற்றி வீங்கியிருக்கிறது. அவ்வளவு மாதமும் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, பாட்டியிடம் சொல்லவில்லை.

சேட்டன் அவளைச் சமாதானப்படுத்த எதையாவது சொல்லி முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. "மோளே, இதுக்குச் சரியான பதில் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆள் உள்ளே இருக்கு, கூப்பிடட்டா?" என்று அவளிடமே கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் உள்ளே வந்தார். சிஸ்டர் கையில் இருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். ஜீப் படியில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னது எனக்கும் கேட்டது. "தள்ளிவிட்டா நெற்றி வீங்கும், ரெண்டு நாளில் வத்திடும். தம்பிக்கு வந்தது எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுற இடத்தில். யார் தள்ளினாலும் அது வராது, சண்டை போட்டாலும் வராது, தொட்டாலும் ஒட்டாது. நீ அவன் பக்கத்தில் படுக்கலாம்."

நாங்கள் அவளைத் தள்ளிப் படுக்கச் சொல்லியிருந்தோம், அவன் தூக்கம் கெடும் என்று. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி அவள் அவன் போர்வைக்குள் போய்ப் படுத்தாள். அவன் அவள் காதைப் பிடித்துக்கொண்டே தூங்கினான், கைக்குழந்தையாக இருந்தபோது செய்ததைப் போல. அதற்கப்புறம் வலியை எழுதி வைக்கிற நோட்டு அவள் பொறுப்பு. மருந்து நேரத்தை நான் எழுதுவேன், பக்கத்தில் அவள் ஐந்து முகம் வரைவாள், சிரிக்கிறதிலிருந்து அழுகிறது வரைக்கும். அவன் விரலால் ஒன்றைத் தொடுவான். கடைசி வாரத்தில் அவன் தொட்டதெல்லாம் நடுவில் இருக்கிற முகமும் அதற்கு முந்தியதும்தான். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

சேட்டா, உங்களுக்கு டிரைவர் வேலை மட்டும்தான். சிஸ்டர் வரும்வரை கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கியிருந்தாலும் உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பிள்ளைகளில் ஒன்றை நோய் கொண்டுபோனது. இன்னொன்று கண்ணெதிரே நின்றபடியே எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தது நீங்கள்தான்.

இதெல்லாம் எப்படி எங்கள் லயம் வரைக்கும் வந்தது என்று சிஸ்டரிடம் கேட்டேன். 1993ல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் கூட இருந்தவர்களும் ஆரம்பித்தது, அப்புறம் ஊர் ஊராக ஜனங்களே கையில் எடுத்தது, 2008ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே கொண்டுவந்தது, இந்தியாவில் அதுதான் முதல் என்றார். கம்பம், கூடலூர் பக்கத்துச் சொந்தங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் பக்கம் 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்திலும் வலி நிவாரணத்துக்கும் நோய் ஆதரவுக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். வீட்டில் யாருக்காவது தேவை என்றால் வெட்கப்படாமல், பயப்படாமல் கேளுங்கள். எங்களை மாதிரி கடைசியில் போய் நிற்காதீர்கள்.

வாலண்டியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஊசி மருந்தெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்குப் போனால் அங்கே கதவோரம் நிற்கிற பிள்ளையிடம் முதலில் போவேன், சாப்பிட்டாயா என்று கேட்பேன். அதை என்னால் செய்ய முடியும்.

போன செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது. நோயாளி இல்லாத வீட்டுக்கு ஏன் வருகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். இதுவும் எங்கள் வேலைதான் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் என்னோடு வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. வெளியே பெரியவள் பழைய பேப்பரோடு ஓடினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனி மூடிய கண்ணாடியில் சேட்டன் தம்பியின் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு எழுத்தாக, யோசித்து யோசித்து. கடைசி எழுத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது. அவள் எட்டிப் புள்ளியை வைத்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் கண்ணாடியைத் துடைக்கவில்லை.